வேலியில்லாத முகாம்

ஆபிரிக்கக் காட்டுக்குச் சஃபாரி போகப் பதிய வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: முகாமைச் சுற்றி வேலி உண்டா? குலசிங்கமும் அதையே கேட்டார். ஆனால் இஸ்ரத் "ஓம், அண்ணை" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

"வேலி இல்லாத இடம் ஒண்டும் இல்லையோ, தங்கச்சி?"

தொண்ணூற்றாறாம் ஆண்டு சனவரி. கனடாவின் ஸ்காபரோவில் மீன்கடையை ஒட்டி இஸ்ரத் நடத்திய சிறிய பயண அலுவலகத்தின் கண்ணாடிக்கு வெளியே பின்னேரமே இருட்டிப்போயிருந்தது. ஜன்னலடியில் ஹீட்டர் யாரோ பல்லைக் கடிப்பதுபோலக் கறகறவென்று அரைத்துக்கொண்டும், கருகிய தூசியின் நாற்றத்தை விட்டுவிட்டு ஊதிக்கொண்டும் இருந்தது. சுவருக்கு அப்பால் கத்தி பலகையில் விழும் சத்தமும், மீன் குடலின் வாடையும் கதவுக்குக் கீழால் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தன.

"இருக்கு. செரங்கெட்டியில கூடாரங்கள் இருக்கு. மிருகமெல்லாம் பக்கத்தால நடந்து போகும். ஆனா காவலுக்கு ஆள் நிப்பாங்க."

"விடிய விடிய நிப்பினமோ?"

இதைக் கேட்டவள் அவருடைய மனைவி அருள்நாயகி. கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல். கூடாரத்தின் வாசலை மூடும் சிப்பை உள்ளேயிருந்து திறக்கலாமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் மிருகங்களுக்கு இரை குறைவு என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் விசாரித்தாள். இஸ்ரத் பதில் சொல்லச் சொல்ல இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"கழுதைப்புலி எலும்பையும் மிச்சம் விடாதாமே?" குலசிங்கம் சிரித்தார்.

இஸ்ரத்துக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"எத்தினை பேர் போறீங்க?"

"மூண்டு பேர்."

அப்போது கதவு திறந்தது. பனிக்காற்றோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நரைத்த தலையை இரட்டைப் பின்னலாக்கிச் சிவப்பு றிபன் கட்டியிருந்தது. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"காருக்குள்ளயே இருக்கச் சொன்னனான் எல்லே?" என்ற அருள்நாயகி இஸ்ரத்திடம் திரும்பினாள். "என்ர அக்கா, பேபி. உடம்பு மட்டும்தான் வளந்தது. இவவை விட்டிட்டு ஒரு கலியாண வீட்டுக்கும் போகேலாது, தங்கச்சி."

பேபி மேசையில் கிடந்த யானைப் படத்தைத் தடவினாள்.

"நான் ஆனை பாக்கப் போறன். இருட்டுக்குள்ள ஆனைக்குட்டி கூப்பிடும். கூப்பிட்டா நான் தனிய எழும்பி வெளியில போவன். செருப்புப் போடமாட்டன். ஆரையும் எழுப்பமாட்டன்."

ஹீட்டர் நின்றது. மீன்கடைக் கத்தியும் நின்றதுபோல இருந்தது.

அருள்நாயகி அக்காவின் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கடைசிப் பொத்தானைக் கொஞ்சம் இறுக்கினாள்.

"கனவு கண்டிருக்கிறா," என்றாள்.

குலசிங்கம் இஸ்ரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லாத பார்வை. இவளுக்கு விளங்கிவிட்டதா என்று அளக்கிற பார்வை. இஸ்ரத் குனிந்துகொண்டாள். அவளுடைய விரல்கள் மூன்று பெயர்களையும் கணினியில் அடித்தன.

அன்று யூனியன்வில் வீட்டில் கணவன் ரிம்ஸானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை.

"பொலிஸுக்கு என்னெண்டு சொல்லப் போறாய்? ஒரு மனிசி ஆனை பாக்கப் போகுதெண்டா? பேசாம இரி."

பேசாமல்தான் இருந்தாள். ஆனால் டிக்கெட்டுகள் வந்ததும் தபாலில் போடக் கை வரவில்லை. பேபியைத் தனியே பிடித்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது போதும். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு றிச்மண்ட் ஹில்லில் இருந்த குலசிங்கத்தின் வீட்டுக்குக் காரை ஓட்டினாள்.

வாசலில் அவர்களுடைய கார் நின்றது. வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. மணியை அடித்தாள். உள்ளே அது நெடுநேரம் ஒலித்து ஓய்ந்தது. திரும்பக் காலெடுத்தபோதுதான் வீட்டின் பின்புறமிருந்து அந்தச் சத்தம் வந்தது. தாழ்வாக, ஈரமாக, தாயைத் தேடும் யானைக் கன்று அடித்தொண்டையில் இழுப்பதுபோல. கன்று அல்ல. இடையில் மூச்சு வாங்கியது. மனித மூச்சு.

சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை பனியில் புதைந்து புதைந்து, பின்பக்கம் போனாள்.

கொல்லையில் ஒரு கூடாரம்.

பனியின்மேல். இருட்டில்.

மறுபடி அந்தச் சத்தம். பனியின் மங்கல் வெளிச்சத்தில், கொல்லைக் கோடியில், மரங்களுக்கு அடியில், குலசிங்கம் குந்தியிருந்தார். வாயைச் சுற்றிக் கைகளைக் குவித்திருந்தார்.

சிப் திறந்தது.

பேபி வெளியே வந்தாள். மெல்லிய இரவுச் சட்டை. வெறுங்கால். பனியில் நெருநெருவென்று நடந்தாள். நேராக, தயங்காமல், மரத்தடி இருட்டுக்கு. அங்கே அருள்நாயகி எழுந்தாள். அக்காவின் வாயில் ஒரு ரொபி இனிப்பை வைத்தாள். கன்னத்தைத் தட்டினாள்.

"கெட்டிக்காரி. இண்டைக்கு அழேல்லை."

கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிப்போனாள். உள்ளே விட்டாள். சிப் மூடியது.

இஸ்ரத் சுவரை விட்டு முன்னே வந்தாள். கத்தினாள்.

"பேபியக்கா! வெளியில வராதீங்க! என்ன சத்தம் கேட்டாலும் வராதீங்க!"

கொல்லை உறைந்தது. யாரும் அசையவில்லை.

சிப் திறந்தது.

பேபி வந்தாள். இந்த முறை மரத்தடிக்கு அல்ல. குரல் வந்த பக்கம். இஸ்ரத்தை நோக்கி. ஊதாநிறப் பாதங்கள். ஒன்று. மற்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"வராதீங்க..." இஸ்ரத்தின் குரல் கம்மியது. அதைக் கேட்டுப் பேபி இன்னும் வேகமாக வந்தாள்.

இருட்டில் யாரோ மெல்லக் கைதட்டினார்கள்.

"பாத்தியே, அருள்," குலசிங்கத்தின் குரல் குளிர்ந்து மகிழ்ந்தது. "ஆர் கூப்பிட்டாலும் வாறா."

பேபி இஸ்ரத்தின் முன்னால் வந்து நின்றாள். கண்ணை மூடினாள். ரொபிக்காக வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். அந்த நாக்கின்மேல் பனி விழத் தொடங்கியது.