மூடினால் பக்கத்துக்கு வரும்

லேப்டாப்பில் மூன்று டெஸ்க்டாப்தான் திறந்து வைத்திருந்தான். இப்போது நான்கு இருந்தன.

திரையின் மேல் விளிம்பில் சின்னச் சின்னக் கட்டங்களாக அவை வரிசையில் நின்றன. முதலாவதில் இசை டிராக்குகள், இரண்டாவதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர், மூன்றாவதில் சீரியலின் வீடியோ. நான்காவதில் கறுப்பாக ஏதோ ஒரு விண்டோ. கை பட்டுத் திறந்திருக்கும் என்று முதலில் நினைத்தான். மகள் பட்டாணி எதையாவது நோண்டியிருப்பாள் என்று அடுத்து நினைத்தான். ஆனால் அவள் சளி பிடித்து, பள்ளிக்கூடம் போகாமல், காலையிலிருந்து பக்கத்து அறையில் சுருண்டு படுத்திருக்கிறாள்.

போன வாரம் வரைக்கும் அவனுக்கு இந்த வித்தையே தெரியாது. டிவி சீரியலுக்குப் பின்னணி இசை போடுகிறவன். இருப்பதோ ஒரு பழைய லேப்டாப், அதன் திரை சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. மிக்ஸரைத் திறந்தால் டிராக் மறையும், டிராக்கைத் திறந்தால் சீரியல் மாமியார் மறைவாள். மாமியார் எந்த நொடியில் முறைக்கிறாள் என்று தெரியாமல் எங்கே போய் வயலினை இழுப்பது? சவுண்ட் இன்ஜினியர் நண்பன் ஒட்டகம்தான் வழி சொன்னான். உயரமும் கூனுமாக வளர்ந்ததால் வந்த பெயர்.

“ஒரே திரையை நாலு மேஜை மாதிரி வச்சுக்கலாம்டா. மூணு விரலால தள்ளு, அடுத்த மேஜை வரும். வேணாம்னா மூடிடு.”

“மூடினா அதுல இருக்கிறதெல்லாம் போயிடாதா?”

“எதுவும் போகாது. மூட்டை முடிச்சோட இடது பக்கத்து மேஜைக்கு வந்து உக்காந்துக்கும். கடைசியா மிஞ்சுற ஒண்ணை மட்டும் மூட முடியாது. உனக்குப் பொழப்பு நடக்கணும்ல?”

நல்ல யோசனைதான். இந்த ஸ்டூடியோவும் நல்ல யோசனைதான், பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணி அவனே கட்டியது. ஜன்னல் கிடையாது. சுவரெங்கும் கறுப்புப் பஞ்சு, கதவுக்கு இரண்டு அடுக்கு, விளிம்பெல்லாம் ரப்பர். உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். போனைக்கூட ஹாலிலேயே விட்டுவிடுவான், அதன் இரைச்சல் ரெக்கார்டிங்கில் ஏறிவிடும். வெளியே மத்தியான வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் இருட்டு.

மூன்று விரலால் தள்ளி நான்காவதுக்குப் போனான்.

பெயரில்லாத ஒரு டிராக். சிவப்பு விளக்கு எரிந்தது. ஏதோ பதிவாகிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு மெல்ல ஏறியது, நின்றது, மெல்ல இறங்கியது. அறையில் இருக்கும் ஒரே மைக் ஸ்டாண்டில்தான் இருந்தது, வயர் கழற்றி அதன் கழுத்திலேயே சுற்றியிருந்தது. எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்த்துவிடலாம் என ஹெட்போனை மாட்டினான். வெறும் எதிரொலி. கீழே எங்கோ இரும்புக் கேட் கிறீச்சிட்டது, குழல் விளக்கு ஒன்று ரீங்கரித்தது. தெரிந்த சத்தம்தான். இந்தக் கட்டடத்தின் மாடிப்படி, அதுவும் அவர்கள் வீட்டு வாசலுக்கு நேரே. அந்த எதிரொலிக்கு நடுவில் படியேறி வந்து நின்ற யாரோ ஒருவர், அவசரமில்லாமல், இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நிறுத்தும் பட்டனை அழுத்தினான். நிற்கவில்லை. விண்டோவை மூடப் பார்த்தான். மூடவில்லை. சாயங்காலத்துக்குள் எபிசோடை அனுப்பவில்லை என்றால் டைரக்டர் உயிரை எடுத்துவிடுவார். “போய்த் தொலை சனியனே” என்று அந்த டெஸ்க்டாப்பையே மூடினான்.

மூன்றாவது டெஸ்க்டாப்பில், அழும் மருமகளின் முகத்துக்கு மேலேயே அந்தக் கறுப்பு விண்டோ வந்து உட்கார்ந்தது. சத்தம் மட்டும் மாறியிருந்தது. எதிரொலி இல்லை. ஃபிரிட்ஜின் உறுமல். சுவர்க் கடிகாரம். உறுமல் நிற்கும்போது ஒரு உதறு உதறுமே, அதுவும் கேட்டது. அவர்கள் ஹால். அதே மூச்சு.

எழுந்து வெளியே போனான். ஹாலில் யாருமில்லை. வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால், எல்லாம் பார்த்தான். அப்போது அறையிலிருந்து பட்டாணி கூப்பிட்டாள்.

“அப்பா, மூக்கு அடைச்சிருக்கு.”

“வாயால மூச்சு விடுடா தங்கம். டியூட்டி முடிஞ்சு அம்மா வந்து மருந்து தருவாங்க. தூங்கு.”

“கதவைச் சாத்தாதீங்க.”

“சாத்தல. திறந்தே வைக்கிறேன்.”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடு. ஏதோ பழைய ரெக்கார்டிங்காக இருக்கும், வேலை தலைக்கு மேல் இருந்தால் இப்படித்தான் கண்டதும் தோன்றும் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினான். ஸ்டூடியோக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஹெட்போனை மாட்டினான். ரெக்கார்டிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ஓட்டினான். அவன் செருப்புச் சத்தம். திரைச்சீலை விலகும் சத்தம். சோபா நகரும் சத்தம். அவ்வளவு நேரமும், அவன் தேடிய அவ்வளவு நேரமும், மைக்கை ஒட்டியே அந்த மூச்சு. அவன் கடந்து போகும்போது மட்டும் அது நின்றிருந்தது. அடக்கிக்கொண்டு.

இது கண் முன்னால் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. கை முந்திக்கொண்டது. மூன்றாவது டெஸ்க்டாப்பையும் மூடினான்.

மூடிய பிறகுதான் ஒட்டகம் சொன்னது நினைவு வந்தது.

இரண்டாவது டெஸ்க்டாப்பில் மிக்ஸருக்கு மேல் வந்து நின்றது. மின்விசிறி. சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்னும் அந்தப் பழைய மின்விசிறி. அடைத்த மூக்கில் விசிலடிக்கும் சின்ன மூச்சு. பக்கத்தில், மிகப் பக்கத்தில், இன்னொரு மூச்சு.

ஐயோ.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தான். கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை. தோளால் மோதினான். காலால் உதைத்தான். ரப்பர் முனகியதே தவிர ஒரு நூல்கூட அசையவில்லை.

“பட்டாணி! எழுந்திரு! வெளியே ஓடு!”

பஞ்சு அத்தனையையும் குடித்தது. நாற்காலியால் அடித்தான். மறுபடி கத்தினான். ஓடி வந்து ஹெட்போனைக் காதில் அழுத்தினான். மின்விசிறி. விசில். மூச்சு. அவன் போட்ட கூச்சலில் ஒரு துளிகூட அந்த அறைக்குப் போய்ச் சேரவில்லை. அவன் கையாலேயே ஒட்டிய பஞ்சு. பெற்ற பிள்ளையிடமிருந்து அவனே தன்னை அடைத்துக்கொண்டிருந்தான்.

லேப்டாப்பை அணைத்துவிடலாமா? விரல் பட்டன் வரை போனது. திரும்பியது. அணைத்தால் அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

சின்ன மூச்சு ஒரு கணம் திக்கியது. போர்வை இழுபடும் சத்தம்.

ஒரே வழிதான் இருந்தது. இரண்டாவதை மூடினால் முதலாவதுக்கு வரும். மாடிப்படி, ஹால், அவள் அறை என்று வந்தாயிற்று, அடுத்து முதலாவது இந்த அறை. அவன் அறை. யோசிக்க ஒன்றுமில்லை.

“வா” என்றான். “அவளை விட்டுடு. எங்கிட்ட வா.”

மூடினான்.

விண்டோ நழுவி வந்து திரையின் நடுவில் நின்றது. மின்விசிறிச் சத்தம் அறுந்தது. பஞ்சடைத்த அறையின் செத்த அமைதி. அவன் நாற்காலியின் கிறீச். அவன் நெஞ்சு அடிப்பது. பிறகு வலது காதில், இழுத்து இழுத்து, அது. வந்துவிட்டது. மகளின் அறையிலிருந்து வந்துவிட்டது. பயத்தோடு பயமாக, அப்பாடா என்று கண்ணில் நீர் கோத்தது.

இடது காதில் விசில்.

அடைத்த மூக்கின் விசில்.

எதுவும் போகாது. மூட்டை முடிச்சோடு வரும்.

பின்னால் ஸ்டூடியோக் கதவு தானாகத் திறந்துகொண்டது. திரும்பிப் பார்த்தான். ஹால். அதற்கு அப்பால் திறந்து வைத்த அறை. கட்டில். சப்பையாகக் கிடந்த போர்வை. காலித் தலையணை.

ஓட எழுந்தான். ஹெட்போன் வயர் இழுத்தது. கழற்றினால் அவள் சத்தம் போய்விடும். கழற்றவில்லை. திரையைப் பார்த்தான். ஒரே ஒரு டெஸ்க்டாப். அதற்கு மூடும் குறி இல்லை.

“அப்பா?” இடது காதில் பட்டாணி. “இங்க இருட்டா இருக்கு.”

“இங்கதான் இருக்கேன்டா! அப்பா இங்கதான்!”

அவளுக்குக் கேட்கவில்லை. அவன் இடப்பக்கம் கறுப்புப் பஞ்சுச் சுவர் மட்டும். தடவினான். பிறாண்டினான். பஞ்சு.

வலது காதில் இருந்த மூச்சு நகர்ந்தது. மெல்ல. காதை விட்டு உள்ளே. நெற்றிக்கு நடுவில், மண்டைக்குள், ஒரு முறை இழுத்து விட்டது. பிறகு அதையும் தாண்டி இடப்பக்கம், அவள் பக்கம் போனது.

விசில் நின்றது. அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

“அப்பா,” என்றாள், நிம்மதியாக. “நீங்களா?”