ஆறாம் அறைக்குப் பெயர் கனேலோ

தன் பெயரைக் கேட்டதற்கு அந்தக் கணினி வேறொரு பெயரைச் சொன்னது.

கணினி வேலைக்கு வந்திருந்த இவோன் கத்ரிலேயோ முதலில் அதைத் தன் கைப்பிழை என்றே நினைத்தாள். அவள் உட்கார்ந்திருந்தது போல்தோ என்ற கணினியின் முன்னால். சந்தேகத்துக்கே இடமில்லாமல் பெட்டியின் நெற்றியில் யாரோ தடித்த பேனாவால் அந்தப் பெயரை எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் திரையில், அவள் தட்டிய கேள்விக்குக் கீழே, சின்னஞ்சிறு வெள்ளை எழுத்தில் கனேலோ என்று நின்றது. கனேலோ என்ற மற்றொரு கணினியை அன்று காலையில்தான் அவள் கழற்றி, கம்பிகளைச் சுருட்டி, சுவரோரமாகத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அந்த நாட்டில் குளிர்காலமான ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குரிக்கோ ஊருக்கு வெளியே, தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த ஆப்பிள் கிடங்கைக் காலையிலிருந்தே பனி மூடிக்கொண்டிருந்தது. நடுப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. கண்காணிப்பு அறை மாடியில். அதன் அடியில் ஆறு குளிர் அறைகள், ஒவ்வொன்றும் ஒரு தேவாலயம் அளவுக்கு உயரம். அறுவடை முடிந்ததும் அவற்றில் பெட்டி பெட்டியாக ஆப்பிளை அடுக்கி, கதவை இறுக்கிச் சாத்தி, காற்றிலிருந்த ஆக்சிஜனை வெளியே தள்ளி நைட்ரஜனை நிரப்பிவிடுவார்கள். மூச்சுவிட ஒன்றுமில்லாத இடத்தில் ஆப்பிளுக்கு வயதாவதில்லை. ஐந்து அறைகளில் அப்படி ஆப்பிள் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது அறையை மார்ச் மாதத்திலிருந்து யாரும் நிரப்பவில்லை.

போல்தோ, பெயூமோ, கனேலோ என்று மரங்களின் பெயர் வைத்த மூன்று கணினிகள்தான் அறைகளின் காற்றை ஆண்டுவந்தன. மூன்றையும் ஒரு கிளஸ்டர் மென்பொருள் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. ஓயாமல் ஒன்றையொன்று ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று பதில் சொல்லத் தவறினால், மற்ற இரண்டும் கூடி அது செத்துவிட்டது என்று தீர்மானித்து, அதன் மின்சாரத்தை வெட்டிவிட்டு அதன் வேலையைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டை அவிழ்த்துவிட வேண்டும், கனேலோ என்ற பெயரே எங்கும் இருக்கக் கூடாது, மறுநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஆள் வருகிறார் என்று நிர்வாகி மவுரிசியோ தொலைபேசியில் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். ஏன் என்று இவோன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

கட்டை அவிழ்ப்பது சுலபமாகத்தான் இருந்தது. அதன் பிறகு வந்ததுதான் தொல்லை. எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் கணினி உடனே செய்யாமல், இருட்டில் யாரையோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல் சற்றுநேரம் சும்மா நின்றது. பிறகு, ‘கனேலோ என்ற பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றது. இப்படி நடப்பது உண்டு. மென்பொருள் போன பின்பும் பழைய பெயர் ஏதாவதொரு கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் கோப்பைத் திறந்து பெயரை அழித்தாள், போல்தோ என்று திருத்தினாள், கணினியை அணைத்துப் போட்டாள். எழுந்து வந்ததும் அது தன்னைக் கனேலோ என்றது. பெயூமோவிடம் போய்க் கேட்டாள். அதுவும் கனேலோ.

அறையில் ஆப்பிள் வாசம் கூடிக்கொண்டிருந்தது. தின்னத் தோன்றும் வாசமில்லை. பூட்டிய அலமாரிக்குள் மறந்துபோன பழத்தின் கனத்த இனிப்பு.

கிடங்கில் அவளைத் தவிர அன்று இருந்தது எர்னால்தோ மட்டும்தான். இருபது வருடமாகக் குளிர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். பரங்கிக்காய் போட்டுப் பொரித்த சோப்பாய்பியாவும் தேநீருமாக மாடிக்கு வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து ஒரு பெயரை அழிக்க முடியவில்லையா, தன் மனைவி தன் பெயரை ஒரே நாளில் அழித்துவிட்டாளே என்று கேலி செய்தார். இவோனுக்குச் சிரிப்பு வரவில்லை. கனேலோவை ஏன் இப்படித் துடைத்துப்போடச் சொல்கிறார்கள் என்று அவரிடம் கேட்டாள்.

எர்னால்தோ கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். மார்ச் மாதம் ஆறாம் அறைக்குள் தலையில் எப்போதும் விளக்கெண்ணெய் மணக்கிற ஒரு ஹைத்திக்காரப் பெண் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அறை கனேலோவின் பொறுப்பு. கனேலோ ஒரு நொடி பதில் சொல்லாமல் போக, மற்ற இரண்டும் அதைச் செத்ததாகத் தீர்த்துவிட்டு அறையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. உள்ளே ஆள் இருக்கிற விஷயம் அவற்றுக்குத் தெரியாது. கதவு பூட்டிக்கொண்டது, நைட்ரஜன் இறங்கியது.

“அவ பேரு என்ன?” என்றாள் இவோன்.

“அதான் பொண்ணே வேடிக்கை. இந்த நாட்டுல இருக்கறதுக்குக் காகிதம் இல்லாதவ. யாரோ ஒருத்தியோட அடையாள அட்டையை வச்சு வேலை பார்த்தா. செத்தப்புறம் அந்தப் பேரைத் தேடிப் போனா, பேருக்குச் சொந்தக்காரி தால்கா ஊர்ல உக்காந்து கோழி உரிச்சிக்கிட்டிருக்கா.” அவர் தேநீரை ஊதினார். “நெசப் பேரை எங்கிட்ட ஒருதரம் சொன்னா. நாக்குல நுழையல. மறந்துட்டேன்.”

இவோன் திரையின் பக்கம் திரும்பினாள். கனேலோ இல்லை என்பதைத் தனக்கே நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்து, ‘இருக்கிறாயா’ என்று அந்தப் பெயருக்கு ஓர் அழைப்பு அனுப்பினாள். பதில் வராது என்று தெரியும்.

பதில் வந்தது.

மறுபடி வந்தது. நிற்காமல், ஒரே சீராக, வரிக்கு வரி வந்துகொண்டே இருந்தது. அவள் மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரோரம் பார்த்தாள். பெட்டி கவிழ்ந்த வாக்கிலேயே கிடந்தது. ஒரு கம்பிகூட அதில் இல்லை. அடுத்த திரையில், காலையிலிருந்து இருண்டு கிடந்த ஆறாம் அறையின் கட்டத்தில் ஓர் எண் எரிந்தது. ஆக்சிஜன், இருபத்தொன்று சதவீதம், வெளிக்காற்றில் இருக்கிற அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது ஆனது.

கீழே போய்க் கதவை மட்டும் பார்த்துவிட்டு வரும்படி எர்னால்தோவைக் கேட்டுக்கொண்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு வாக்கிடாக்கியை அவள் மேசையில் வைத்து, இன்னொன்றை இடுப்பில் செருகி, ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். இரும்புப் படிகளில் அவர் பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் கனேலோவை இன்னொரு முறை எல்லாக் கோப்புகளிலும் அழித்தாள். இந்தமுறை கணினி அடங்கியது. தன் பெயர் போல்தோ என்று ஒப்புக்கொண்டது. அவள் மூச்சுவிட்டாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. “கதவு தெறந்து கெடக்குது. உள்ள வெளக்கு எரியுது.”

“உள்ள போகாதீங்க, எர்னால்தோ ஐயா.”

அவர் சிரித்தார். “நல்லா இருக்கே. உள்ள நின்னுக்கிட்டு வான்னு கையைக் காட்டுறதும் நீ, போகாதேங்கிறதும் நீயா?”

“நான் மாடியிலதான் இருக்கேன்.”

இரைச்சல் எழுந்தது. அதற்குள்ளிருந்து, பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போன்ற தணிந்த குரலில், “அப்ப இது யாரு” என்றார். கனமான கதவு ஒன்று சாத்திக்கொண்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

திரையில் எண் விழுந்தது. பதினாறு. பதினொன்று.

ஆறாம் அறையின் விசிறியை ஓடவிட வேண்டும், வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். கட்டளையைத் தட்டினாள். கணினி சற்றுநேரம் சும்மா நின்றது.

கனேலோ என்ற பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அழித்தது அவள்தான். ஏழு. விரல்கள் எழுத்துகளை மாற்றி மாற்றி அமுக்கின. கோப்பைத் திறந்து அந்தப் பெயரை மறுபடி எழுதினாள். நான்கு. கட்டளையைக் கொடுத்தாள். இந்தமுறை துளித் தாமதமும் இல்லை. எதையும் செய்வதற்கு முன் எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் கணினி கேட்டது. உன் பெயர்?

யோசிக்க என்ன இருக்கிறது. இவோன் கத்ரிலேயோ, என்று முழுதாகத் தட்டினாள்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கீழே எங்கோ விசிறி உறுமிப் புறப்பட்டது. எண் ஏறியது. ஒன்பது, பதினேழு, இருபத்தொன்று. அவள் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் படிகளில் ஓடினாள்.

கீழ்த்தள நடையில் பனி புகுந்து குழல்விளக்குகளைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. ஆப்பிள் வாசம் அங்கே இல்லை. விளக்கெண்ணெய் மணத்தது. யாரோ இப்போதுதான் தலைக்குத் தேய்த்துக்கொண்டு அந்த வழியே போனது போல, தோளுயரத்தில், சூடாக. ஆறாம் அறையின் கதவு திறந்திருந்தது. வாசல் பலகையில் இருபத்தொன்று பச்சையாக எரிந்தது. உள்ளே, எதிர்ச்சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி எர்னால்தோ உட்கார்ந்திருந்தார்.

கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

பலகையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். இருபத்தொன்று. உள்ளே ஓடினாள். அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. உதடுகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. தோல் குளிர்ந்து விறைத்திருந்தது, நேற்றே செத்தவரைப் போல. அவர் மார்பில் தொங்கிய கருவி சிவப்பாக விட்டு விட்டு எரிந்தது. அதன் முகத்தைத் திருப்பினாள்.

ஒன்று.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். உள்ளிருந்து திறக்கும் பிடியைத் தடவினாள். பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அவற்றைச் சுற்றி, மரப்பலகையில், நகங்கள் கீறிய கோடுகள். முட்டியால் அடித்தாள். தோளால் இடித்தாள். நெஞ்சு தாங்கவில்லை. ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். காற்று உள்ளே போனது. தடையில்லாமல், குளுமையாக. எதற்கும் உதவவில்லை. முழங்கால் விட்டுப்போனது.

கதவில் தலையுயரத்தில் இருந்த கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. மாடியில் நாற்காலி முதுகில் கிடந்த அவளுடைய மஞ்சள் கோட்டு. அவளுடைய நெற்றி முடி. அவளுடைய முகம்.

எர்னால்தோவின் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. மவுரிசியோ. வாசல்கேட்டிலிருந்து பேசினார். “இவோன், வேலை முடிஞ்சுதாம்மா?”

வெளியே நின்றவள் கையிலிருந்த வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். கண்களை எடுக்கவில்லை.

“முடிஞ்சுது சார்.” இவோனின் குரல். கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்து. “இனிமே பேர்ல தப்பு வராது.”

“எர்னால்தோ எங்க?”

“வீட்டுக்குப் போயிட்டார். நாம பூட்டிக்கலாம்.”

இவோன் கத்தினாள். கத்துவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. கன்னம் தரையில் பட்டது. விளக்கு அணைந்தது. சிவப்பு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

அந்தச் சிவப்பில் கண்ணாடி தெரிந்தது. வெளிப்பக்கத்தில், மிக அருகில் வைத்த வாயிலிருந்து, வெள்ளையாக ஒரு மூச்சு படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது. அவசரமே இல்லாமல். ஆசைதீர.