இருண்டுபோன மூளைகள்

போன் அலறியது!

பிரிஸ்பேன் ஆற்றுப் படகில் நின்றிருந்த கிர்ரிலி எடுத்தாள்.

"பத்து மணிக்கு மேடை ஏறாதே... உன் மீனே உன்னைக் காட்டிக் கொடுத்திடும்!"

கரகரத்த குரல். துண்டிப்பு.

படகு கரை தட்டியதும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினாள். ஓடியபடியே பேராசிரியை ஊனாவை அழைத்தாள்.

"சீக்கிரம் மீன் ரூமுக்கு வாங்க ஊனா! பயமா இருக்கு!"

அழைப்பைத் துண்டிக்கவும் தோன்றாமல் போனை மேஜையில் வைத்தாள். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள்.

மூடி போட்ட ஒன்றாம் எண் தட்டு. ஆரோக்கியமான மீன் கருக்கள், இரண்டு நாள் வயது, கண்ணாடி உடம்பு. மூளைக்குள் ரத்தக்குழாய்கள் வேர் விட்டு, ஒளிரும் புரதத்தால் பச்சையாக மின்ன வேண்டும்.

இருட்டு!

இரண்டாம் எண். ஒரு மரபணுவை வெட்டிய மீன்கள். இவற்றில் குழாய்கள் மூளைக்குள் நுழையாமல் ஓரத்திலேயே நின்றுவிடும். அதுதான் அவளுடைய நான்கு வருட உழைப்பு.

அங்கே மூளை முழுக்கப் பச்சை!

"ஐயோ!"

"என்ன கிர்ரிலி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

கையில் லாமிங்டன் கேக்கோடு ஃபெர்கஸ். எலிப் பிரிவிலிருந்து போன மாதம்தான் மீன் பக்கம் வந்தவன். இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். இன்றைய பத்து மணி ஆய்வுப் பேச்சு அதை முடிவு செய்யும்.

"எல்லாம் தலைகீழா இருக்கு, ஃபெர்கஸ்!"

"அடப்பாவமே! பேசாம விலகிக்கோ. மானமாவது மிஞ்சும். உனக்குப் பதிலா நான் பேசறேன்."

ஒன்றாம் எண் தட்டைத் தூக்கினாள். அடியில்...

2!

மூடியில் 1. அடியில் 2!

மூடி இடம் மாறும் என்பதால் மீன்காரர்கள் தட்டின் அடியிலும் எழுதுவார்கள். பதற்றத்தில் அவள் மூடியை மட்டும் பார்த்திருந்தாள்.

"யாரோ இதுல கை வெச்சிருக்காங்க..."

"சத்தியமா அந்த மூடிங்களை நான் தொடல!"

கிர்ரிலி சட்டென்று நிமிர்ந்தாள்.

"மூடின்னு நான் சொல்லவே இல்லையே..."

ஃபெர்கஸ் கதவைத் தாழிட்டான். அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினான்.

"இதைக் கழுவுற தொட்டியில கொட்டிட்டா எந்த நம்பரை யாருக்குக் காட்டுவே?"

"கொட்டாதேடா... ப்ளீஸ்!"

"யார் கேக்கப் போறா?"

"நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்!"

மேஜையிலிருந்த போன் பேசியது. ஊனாவின் குரல்! கதவுக்கு வெளியே சாவி திரும்பும் சத்தம்.

"தட்டை மெதுவா கீழ வைப்பா, ஃபெர்கஸ். இத்தனை வருஷம் எலியோட குடும்பம் நடத்தியும் பொறி எப்படி இருக்கும்னு தெரியலையே உனக்கு!"