கண்காணிப்பாளர் ஏறாத இடம்

வலையில் குப்பை இல்லை. அதுதான் அவளை முதலில் உறுத்தியது. அடிக்கடலை வாரிக்கொண்டு வரும் இழுவை வலையில் சிப்பியோ பாசியோ ஒரு குட்டி நண்டோ இல்லாமல், கடையில் பொறுக்கி வாங்கியதுபோல ஒரே அளவு மீன்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்து விழுந்தன.

வலையில் என்னென்ன அகப்படுகிறது என்று பார்த்து எண்ண மீன்வளத் துறை அனுப்பியவள் அவள். கண்காணிப்பாளர் ஏறினால் படகுகள் நல்ல பிள்ளை வேஷம் போடும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். பிடிக்கக் கூடாதது சிக்கும் இடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காது. இந்தப் படகு எப்போதும் மீன் பிடிப்பது வடக்கே. அவள் ஏறியதிலிருந்து தெற்கிலேயே சுற்றியது. இது அவளுடைய முதல் பயணம். வேஷத்தை நம்பித் திரும்பினால் அதுவே கடைசியாகவும் இருக்கும்.

"வடக்க போகலாம் அண்ணா," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

கேப்டன் திரும்பவில்லை. "நீங்க இருக்கும்போது வேண்டாம்மா."

"நான் இருக்கும்போதுதான் போகணும்."

"அட, வாய் தொறந்துட்டாங்கப்பா!" சமையல்காரர் சிரித்தார். "என் சாப்பாடு நல்லா இருக்குன்னுகூடச் சொல்லாத பொண்ணு."

"நல்லா இருந்தா சொல்லியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள், கேப்டனைத் தவிர.

"போகலன்னா அப்படியே எழுதுவேன். லைசென்ஸ் போயிடும்ணா."

கேப்டன் சுக்கானை வடக்கே திருப்பினார். "சரி. வலை மேல வரும்போது உள்ளயே இருந்துடுங்க."

அவள் தலையாட்டினாள், பொய்யாக.

வடக்கே பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. வலையைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சின் முனகலும், கம்பியிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், டீசல் வாடைக்கு அடியில் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோன்ற ஒரு வாடையும் அறைக்குள் அவளிடம் வந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளால் துழாவியே வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கவில்லை என்று நாளைக்குச் சத்தியம் செய்யலாம், அதற்குத்தான் இந்தத் தந்திரம் என்று நினைத்தாள்.

வெளியே வந்தாள்.

வலைக்கு அப்பால், பனிக்குள், தண்ணீரின்மேல் யாரோ நின்றார்கள்.

கண் சிமிட்டினாள். நின்றது கொஞ்சம் கிட்டே இருந்தது.

"அண்ணா... அங்க யாரோ நிக்கிறாங்க."

வலை இழுத்த கைகள் நின்றன. ஒருவரும் திரும்பவில்லை.

"பாத்துட்டீங்களா?" சமையல்காரரின் குரல் உடைந்தது.

"கண்ணை எடுக்காதீங்கம்மா," என்றார் கேப்டன். "பாக்காத வரைக்கும் அது சும்மா கெடக்கும். பாத்தாச்சுன்னா பாத்துக்கிட்டே இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"கரை தெரியற வரைக்கும்."

வலையை அறுத்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடியே எல்லோரும் முன்தளத்துக்கு ஓடினார்கள். எஞ்சின் உறுமியது. அது பின்தங்கவில்லை. உப்புக்காற்று நேராகக் கண்ணில் அடித்தது.

சிமிட்டினாள். கிட்டே.

கண் எரிந்தது. நீர் வழிந்தது. சிமிட்டினாள்.

இப்போது அதன் கண்கள் தெரிந்தன. இமைகளே இல்லாத கண்கள்.

"என்னால முடியல அண்ணா!"

"வர்றேன்மா," முன்தளத்திலிருந்து சமையல்காரர் கத்தினார். "கண்ணை மூடிக்கிட்டே வந்து இமையப் புடிச்சுக்கறேன். கொஞ்சம் தாங்குங்க."

அவளால் தாங்க முடியவில்லை. இமைகள் தாமாக மூடிக்கொண்டன.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. விரல்கள் நெற்றியைத் தடவி, இமைகளைக் கண்டுபிடித்து, மெதுவாக மேலே தூக்கிப் பிடித்தன. ஈரமான விரல்கள். அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியில்.

எதிரே கடல் காலியாக இருந்தது.

"இதோ வந்துட்டேன்மா," என்றார் சமையல்காரர், இன்னும் முன்தளத்திலிருந்து. "பாத்துட்டுதானே இருக்கீங்க?"

விரல்கள் இமைகளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கின.