மச்சான் பிடித்த கயிறு

குளம் நிறைந்திருந்தும் ஒரு கொக்குகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாம் கரையோரத்துக் கருவேல மரங்களில் உட்கார்ந்து, பச்சை பெயிண்டைக் கொட்டியதுபோல் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. நல்லக்கண்ணுவுக்கு அது பிடிக்கவில்லை.

கொக்குகளைச் சொல்லிக் குற்றமில்லை. யூரியா மூட்டைகள் ஊருக்குள் வந்த நாலைந்து வருஷமாக, மேல்வயல்களில் அள்ளி வீசிய உரமெல்லாம் மழையோடு வடிந்து இந்த ஆழமில்லாத குளத்தில்தான் வந்து சேர்ந்தது. பயிர் தின்றதுபோக மிச்சத்தைத் தின்று பாசி கொழுத்தது. முதலில் ஓரமாகப் படர்ந்தது, பிறகு விடியற்காலைகளில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து மிதந்தன, இப்போது அழுகிய முட்டை நாற்றத்தில் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. போதாக்குறைக்குப் பாசி மடையையும் அடைத்துவிட்டது. கீழ்வயல்களில் பால்பிடித்த நெல் வாடிக்கொண்டிருந்தது.

மடைவாயில் மட்டும் இரண்டாள் ஆழம். முங்கி அடைப்பை எடுக்கச் சொரிமுத்து ஒத்துக்கொண்டான். அவன் நல்லக்கண்ணுவின் தங்கை செண்பகத்தின் புருஷன். திரேஸ்புரத்துக் கடலில் முங்கிச் சங்கு குளித்துப் பழகியவன். அங்கே குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் பிடிப்பார்கள். உடன்பிறந்தவள் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த வழக்கப்படியே இன்று சொரிமுத்துவின் இடுப்பில் முடிச்சு, நல்லக்கண்ணுவின் கையில் கயிறு.

செண்பகம் நிறைமாத வயிற்றோடு வந்து, புருஷனின் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டாள்.

"ரெண்டு தடவ சுண்டுனா இழுத்துரும், மச்சான்," என்றான் சொரிமுத்து.

"பயப்படாம முங்கும். நான் புடிச்ச பிடிய விடமாட்டேன்."

முங்கினான். பாசி விலகி வழிவிட்டு, அவன் தலைக்கு மேல் உடனே மூடிக்கொண்டது. குமிழிகூடத் தெரியவில்லை. உச்சி வெயிலில் நாற்றம் தொண்டைக்குள் இறங்க, எங்கும் ஒரு தவளைச் சத்தமும் இல்லாத அந்த அமைதியில், நல்லக்கண்ணு கயிற்றின் அசைவை மட்டும் விரல்களால் கேட்டுக்கொண்டு நின்றான். பயமாகத்தான் இருந்தது.

சற்றுத் தள்ளி, கரையோரம் தண்ணீர் சளக்கென்றது.

சொரிமுத்து ஏறி வந்தான். தலையிலிருந்து கால்வரை பாசி வழிந்தது. நல்லக்கண்ணுவுக்கு உயிரே திரும்பி வந்ததுபோல் இருந்தது, வாய்விட்டுச் சிரித்தான். செண்பகம் அழுதுகொண்டே ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"மட தெறந்தாச்சு. முடிச்சு அவுந்துட்டு. கயித்த விட்டுரும், மச்சான்."

விட்டான்.

செண்பகமும் அவனும் கரைமேல் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அவ்வளவு நேரம் மூச்சடக்கியவனுக்கு ஏன் இளைக்கவில்லை என்று அப்போதுதான் நல்லக்கண்ணுவுக்குத் தோன்றியது. காதைத் தீட்டினான். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

காலடியில் கயிறு நகர்ந்தது.

இரண்டு தடவை சுண்டியது.

பாசி இழுக்கிறது என்று நினைத்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் இரண்டு. இந்த முறை தளர்ந்திருந்தது.

பாய்ந்து பிடித்தான். இழுத்தான். கனத்தது. கைத்தோல் உரிந்தது. இழுத்தான்.

பாசியைக் கிழித்துக்கொண்டு முதலில் ஒரு கை வந்தது. வலது கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. பிறகு முகம். திறந்த கண்கள். வாய் நிறையப் பச்சை. இடுப்பில் முடிச்சு அவிழவே இல்லை.

செண்பகத்தைக் கூப்பிட நிமிர்ந்தான்.

தூரத்தில், கரைமேல், அவள் நின்றாள். பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை உதைப்பதைக் காட்ட, பாசி வழியும் அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.