லைனில் இருப்பவள்

துணிக்கடை முதலாளி நன்றி சொல்வதற்காகவே போன் செய்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர்காரர்களுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஓடினால் மறந்துவிடுவார்கள், நின்றால் திட்டுவதற்குக் கூப்பிடுவார்கள். காலையில் அவள் அவ்வளவு பொறுமையாகப் பேசியதைத் தன் வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கதவோரத்துச் சென்சாரில் தூசி படிந்திருக்கும், காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று அவள் சொன்னபடியே துடைத்தாராம். லிஃப்ட் கிளம்பிவிட்டதாம். ஆள் அனுப்பவே வேண்டாம் என்றார்.

"சரிங்க, சந்தோஷம்" என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகும் கை ரிசீவர் மேலேயே இருந்தது. காலை முழுக்க அவள் பின்பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யாரோடும் பேசவில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ்: ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், உட்கார்ந்தாலும் எழுந்தாலும் முனகுகிற ஒரு சுழல் நாற்காலி, என்ன துடைத்தாலும் கிரீஸ் வாடை போகாத ஒரு அலமாரி. அவன் வெளி வேலைக்குப் போக, போன் அவள் பொறுப்பு. அந்தப் போன் அவள் உயிரை வாங்கியது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா என்று நாள் முழுக்க யாராவது பிடுங்குவார்கள்; அந்த நச்சரிப்புக்கு நடுவில்தான் இரண்டு மாடிகளுக்கிடையே மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர், வியர்த்து வழிய, லைன் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் இன்டர்நெட்டில் ஓடுகிற ஒரு ஏற்பாட்டை அவளே தேடிப் பிடித்து, அதற்கான சின்னப் பெட்டியைப் போனோடு மாட்டினாள். போன் வந்தால் மெஷின் எடுக்கும். இனிப்பான ஒரு பெண் குரல், 'உங்கள் பெயரையும் அழைத்த காரணத்தையும் சொல்லுங்கள்' என்று கேட்கும். வருகிற பதில் திரையில் எழுத்தாக ஓடும். பார்த்துவிட்டு அவள் எடுக்கலாம், இல்லையென்றால் தள்ளிவிடலாம். ஏணி மேல் நிற்கிறவனுக்குத் தொந்தரவு வேண்டாமென்று கணவனின் செல்போனையும் அதிலேயே கோத்துவிட்டிருந்தாள்.

நிம்மதி வரும் என்று பார்த்தால் தலைவலிதான் வந்தது. கடன் விற்கிற குரல்களெல்லாம் பெயரையும் காரணத்தையும் பிசகாமல் ஒப்பித்துவிட்டு ஜம்மென்று உள்ளே வந்தன. லிஃப்டில் மாட்டிக்கொண்ட டீச்சரம்மா ஒருத்தி வாய் குழறி அழுதாள். அழுகையில் பெயர் இல்லையென்று மெஷின் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு லைனைத் துண்டித்துவிட்டது. அன்றைக்குக் கணவன் வீட்டுக்கு வந்து குதித்தான். மனுஷியைப் பேசச் சொன்னால் மெஷினைப் பேச விடுகிறாள் என்றான். அவளும் பதிலுக்குக் கத்தினாள். அப்புறம் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் போய் வந்தது, பேச்சு போகவில்லை.

இப்போது இந்த நன்றி.

அதோடும் நிற்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், 'நேற்று நீங்கள் சொன்ன மாதிரியே' என்று ஆரம்பித்தார். பல் டாக்டரின் ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெண், அவள் குரலைக் கேட்டாலே தெம்பாக இருக்கிறது என்றாள். நான் பேசவில்லையே என்று அவள் சொன்னால் எல்லோரும் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய்தான் வலித்தது.

ஒவ்வொரு அழைப்பையும் மெஷின் பதிந்து வைக்கும். இதுவரை அவள் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை, எங்கே நேரம்? ஒரு மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணிக்கடைக்காரரின் அந்தக் காலை அழைப்பை ஓடவிட்டாள்.

'சொல்லுங்க சார்' என்றது குரல். அவள் குரல். பேசுவதற்கு முன்னால் அவள் செருமுகிற அந்தச் சின்னச் செருமல்கூட இருந்தது. பேச்சுக்கு நடுவில் நாற்காலி முனகியது, மேஜை இழுப்பறை திறந்து மூடியது. குரல் மிக நெருக்கத்தில், காதோரம் மூச்சு படுகிற தூரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால், தள்ளி, சுவர்களைத் தாண்டி, இன்னும் ஏதோ கேட்டது. ஒலியைக் கூட்டினாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். ஈரத் துணியைக் கும்முகிற சத்தம். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, சுதி சேராமல் யாரோ முணுமுணுக்கிற ஒரு மெட்டு.

அவள்தான் அது. பின்பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த அவள்.

எழுந்தாள். நாற்காலி முனகியது, பதிவில் முனகிய அதே முனகல்.

சேவை தருகிற கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, மறுபடி ஒன்றை அழுத்து என்று அரை மதியம் போயிற்று. கடைசியில் ஒரு பையன் லைனில் வந்தான். பணிவாகப் பேசினான். அந்தப் பணிவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"எங்க மெஷினுக்கு ரெண்டே வாக்கியம்தான் மேடம் தெரியும். பேர் கேக்கும். இல்லேன்னா, பிறகு கூப்பிடுங்கன்னு சொல்லும். அதுக்கு மேல பேசாது."

"அப்போ பேசறது யாரு?"

"நீங்கதான் மேடம். உங்க வீட்டு லைன்லேருந்துதானே போகுது."

சண்டை போட்டு ஒரு புகாரைப் பதிய வைத்தாள். மறுநாள் என்னவாயிற்று என்று கேட்டபோது அப்படிப் புகாரே இல்லை என்றார்கள். அவளே சாயங்காலம் கூப்பிட்டு அதை வாபஸ் வாங்கிவிட்டாளாம். ரொம்ப அருமையாகப் பேசினாளாம். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்று மாலை கணவன் வரும்போதே முகம் தெளிவாக இருந்தது. கையில் சோப்பைத் தேய்த்துக் கிரீஸைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

"மதியத்துல நீ போன் பண்றது நல்லா இருக்கு. நேர்ல பேசினாத்தான் நமக்குள்ள சண்டை வருது."

கழுவுதொட்டியில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அவனை இழுத்து வந்து உட்கார வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"உன் குரல்தானே?" என்றான்.

"பின்னாடி கேளுங்க. தூரத்துல துணி துவைக்கிறாங்க பாருங்க. அதுதான் நான்."

அவன் இன்னொரு முறை கேட்டான். பக்கத்து வீடாக இருக்கும் என்றான். அவள் விடவில்லை. தான் ஒருநாளும் அவனுக்கு மதியத்தில் போன் செய்ததில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த தெளிவு மெல்ல மெல்ல வடிந்தது.

"குழந்தையைப் பத்திப் பேசினியே" என்றான். "அதுவுமா நீ இல்ல?"

பிறந்த அன்றே போய்விட்ட குழந்தை. இத்தனை வருஷமாக இருவரும் வாய் திறந்து பேசாத ஒரே விஷயம். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை; தனக்குத் தானேகூடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. என்ன பேசினேன் என்று அவனைக் கேட்க நாக்கு வரை வந்தது. அவன் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் கிளம்பியதும் முதல் வேலையாக மெஷினின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுப் பூட்டினாள். வீடு அமைதியானது. எத்தனை மாதமாகிவிட்டது இப்படியொரு அமைதியைக் கேட்டு! மதியம் மேகம் கவிந்து அறைகள் மங்கலாயின. மழைக்கு முந்தின மண்வாடை ஜன்னல் வழியாக வந்து கிரீஸ் வாடையோடு கலந்தது. சமையலறையில் நின்றபடி அவள் ஒன்று நினைத்தாள். அவனுக்கு நிஜமாகவே ஒரு போன் பண்ணினால் என்ன? குழந்தையைப் பற்றி அவளே பேசினால் என்ன? அந்த எவளோ பேசலாம், பெற்றவள் பேசக்கூடாதா?

தன் செல்போனில் அழைத்தாள். அவன் லைன் பிஸி. மறுபடி அழைத்தாள். பிஸி. பாத்திரம் கழுவிவிட்டு அழைத்தாள். பிஸி. இவ்வளவு நேரம் அவன் யாரோடும் பேசுகிறவன் இல்லை. எரிச்சலோடு மறுபடி அழுத்தினாள்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது.

'உங்கள் பெயரையும் அழைத்த காரணத்தையும் சொல்லுங்கள்.'

இனிப்பான அந்தக் குரல். பெட்டி அலமாரிக்குள் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது.

"நான் அவரோட மனைவி" என்றாள்.

மௌனம். அந்த மௌனத்துக்குள் ஒரு நாற்காலி முனகியது. போனில் கேட்டதா, முன்னறையிலிருந்து கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

'அவர் தன் மனைவியுடன் பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு அழைக்கவும்.'

வாசலுக்குப் போக முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மேஜையின் கால் தெரிந்தது. நாற்காலியின் சக்கரம் தெரிந்தது. சக்கரம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அவள் நிமிரவில்லை. தாழ்ப்பாளைத் தடவித் திறந்தாள். ஓடினாள்.

துணிக்கடை லிஃப்டுக்குச் சர்வீஸ் செய்யப் போவதாகக் காலையில் சொல்லியிருந்தான். இரண்டு தெரு தள்ளி. தூறல் ஆரம்பித்திருந்தது. கடைக்கு அன்று விடுமுறை. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து நுழைந்தாள். உள்ளே விளக்கில்லை. புதுத் துணியின் கஞ்சி வாடை. கடையின் கோடியில், லிஃப்டின் கதவு மட்டும் திறந்து, மஞ்சள் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்துகிடந்தது. வெளியே அவன் கருவிப் பை.

அவன் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தான். சாய்ந்து, காலை நீட்டி, போனைக் காதில் வைத்து. சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு.

"என்னங்க" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தான். கடைக்கு வந்த யாரோ ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை. கொஞ்சம் இருங்கள் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

"யாரோ ஒரு அம்மா வந்து நிக்கறாங்க" என்றான் போனிடம். "நீ சொல்லு."

போனுக்குள் யாரோ செருமினார்கள். அவள் செருமல்.

"போகச் சொல்லுங்க" என்றது அவள் குரல்.

கதவு மூட ஆரம்பித்தது. கையை நடுவே நீட்டினாள். கை குறுக்கே வந்தால் கதவு திறந்துகொள்ள வேண்டும். அதுதான் சென்சாரின் வேலை. திறக்கவில்லை. விரல் நசுங்கும் முன் இழுத்துக்கொண்டாள். அவன் ஒருமுறைகூட எழவில்லை. முகம் ஒரு கோடாகி மறைந்தது.

மோட்டார் உறுமியது. கீழ்ப்பக்கமாக.

அது தரைத்தளம். அதற்குக் கீழே வேறு தளம் கிடையாது. இடுப்பளவுக் குழி மட்டும்தான். அதில் அவன் நின்று வேலை செய்ததை அவளே பார்த்திருக்கிறாள். கதவில் அறைந்தாள். கூப்பிட்டாள். கதவுக்கு அப்பால் அவன் சிரித்தான். போனில் இருந்தவளும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் சேர்ந்து இறங்கின.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

இருட்டு. கம்பிக் கயிறுகள். கிரீஸ் மின்ன ஓடிக்கொண்டிருந்தன. நிற்காமல். கீழே. இன்னும் கீழே.