தூக்கி எறியாத இருக்கை

முப்பத்தொன்றாம் எண் விமானத்தின் கண்ணாடி மூடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. போர்க்கப்பலின் மேல்தளத்தில் உச்சி வெயில் கொளுத்த, கீழே விமானக் கூடத்தில் வெக்கையும் மண்ணெண்ணெய் நாற்றமும் தொண்டையை அடைக்க, காலையிலிருந்து யாருமே ஏறாத அந்த மூடிக்குள் மட்டும் நீர்த்துளிகள் மெல்ல வழிந்திறங்குவதை மெக்கானிக் ஸகார் பார்த்துக்கொண்டு நின்றான்.

செங்குத்தாக எழும்பும்போது இந்த வகை விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் இருக்கை தானாகவே விமானியை வெளியே தூக்கி எறிந்துவிடும். போன மாதம் அது காரணமில்லாமல் ஒருவரை எறிய, நல்ல விமானம் ஒன்று கடலில் போனது. "எல்லா விமானத்துலயும் அந்தத் தானியங்கி விசையை அணைச்சு வை" என்றார் மேஜர் கோலோபோவ். ஸகார்தான் அணைத்தான். மூன்று நாளைக்கு முன், சூடான காற்றில் விமானி தெமித்தின் எஞ்சின் திணறியது. விமானம் புரண்டது. இருக்கை அசையவே இல்லை; அவனோடு விமானம் கடலுக்குள் மூழ்கியது.

நாளை விசாரணைக்குழு வருகிறது. மேஜர் ஒரு தாளை நீட்டினார்.

"விமானியே அணைச்சுட்டான்னு எழுது."

"செத்தவன் தலையிலயா கட்டுறீங்க, தோழர் மேஜர்? செவஸ்தோபோல்ல அவன் மக இருக்கா. அப்பன் பேராவது அவளுக்கு மிஞ்சட்டும்."

"அப்ப உன் பேரை எழுதவா ராசா? அணைச்சது உன் கைதானே?"

ஸகார் தாளைத் தள்ளிவிட்டான். "உத்தரவு போட்டது நீங்க. எழுத மாட்டேன்."

"அந்த விசை விமானிக்கும் எட்டும். இந்த முப்பத்தொண்ணுலயும் அதே விசைதான். உட்கார்ந்தே காட்டுறேன். பார்த்துட்டு எழுது."

மேஜர் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார். கடலடிச் சேற்றின் குளிர்ந்த வாடை கீழே இறங்கியது. ஏறாதீர்கள் என்று சொல்ல ஸகார் வாயெடுத்தான். கோபம் விடவில்லை.

"என்னய்யா, சீட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு?" என்றபடி மேஜர் உள்ளே உட்கார்ந்தார்.

மூடி விழுந்தது. தானாக.

உள்ளே நீர் ஏறியது. முழங்கால். இடுப்பு. கழுத்து. வெளியே ஒரு சொட்டு இல்லை. மேஜரின் முஷ்டி கண்ணாடியைக் குத்தியது. சத்தம் வரவில்லை.

ஸகார் ஏணியில் தாவி ஏறினான். வெளியிலிருந்து திறக்கும் கைப்பிடியைப் பற்றினான். இழுத்தால் போதும்.

பச்சை நீருக்குள், மேஜரின் தோளுக்குப் பின்னாலிருந்து, விமானியின் கையுறை போட்ட இரண்டு கைகள் வந்தன. இருக்கைப் பட்டைகளை நிதானமாக இறுக்கின. பிறகு தெமித்தின் முகம்.

ஸகார் கைப்பிடியை விட்டுவிட்டான்.

மேஜரின் வாய் திறந்து நீரை விழுங்கியது. தெமித் அவரைப் பார்க்கவில்லை. இமைக்காத அந்தக் கண்கள் கண்ணாடியோடு ஒட்டி, ஸகாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.